எதிராளி பெற்ற சபை: ‘சமஸ்தா’ பிறந்த கதை

1924ஆம் ஆண்டு ஆலுவாவில் ஒரு மாநாடு. தலைமை தாங்க வேலூரிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்திருந்தார்கள்: பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியின் முதல்வர் மௌலானா அப்துல் ஜப்பார் ஹஸ்ரத். அழைத்தவர்கள் கேரள முஸ்லிம் ஐக்கிய சங்கத்தார். தர்காவில் நேர்ச்சை வேண்டாம், தாயத்து வேண்டாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று ஊர் ஊராகப் பேசிவந்த சீர்திருத்தக் கூட்டம் அது. வேலூர் ஹஸ்ரத்தை அவர்கள் தேடிப்போனதில் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். மலபாரின் பெரிய பள்ளிவாசல்களில் பாடம் நடத்திய முஸ்லியார்கள் பலரும் வேலூரில் ஓதிவிட்டு வந்தவர்கள். உஸ்தாத் மேடையில் இருக்க, மாணவர் எழுந்து மறுத்துப் பேசுவாரா?

கணக்கு பாதிதான் பலித்தது. ஆலுவாவில் ‘கேரள ஜம்இய்யத்துல் உலமா’ என்ற பெயரில் ஆலிம்கள் எனும் மார்க்க அறிஞர்களுக்கென ஓர் அமைப்பு உருவானது. ஆனால் இரண்டே ஆண்டில், 1926 ஜூன் 26 அன்று, மரபுவழி ஆலிம்கள் கோழிக்கோடு டவுன்ஹாலில் திரண்டார்கள். எதிர்த்தரப்பு வைத்த பெயருக்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து ‘சமஸ்த கேரள ஜம்இய்யத்துல் உலமா’ என்ற சபையைத் தொடங்கினார்கள். இன்று கேரளத்தில் ‘சமஸ்தா’ என்று சொன்னாலே போதும், குழந்தைக்கும் புரியும்.

நம்மூரில் சுன்னத் ஜமாஅத், தவ்ஹீத் ஜமாஅத் என்று சொல்லப்படும் பிரிவு, மலையாளக் கரையில் சுன்னி, முஜாஹித் என்று வழங்குகிறது. தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு பள்ளிவாசல் வாசல்வரை வந்து நின்றது 1980களுக்குப் பிறகுதான். கேரளத்தில் அதற்கு நூறு வயது. அந்த நூறு வருடக் கதையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மரபைக் காக்கப் பிறந்த சமஸ்தாவை மரபு பெற்றெடுக்கவில்லை, எதிராளிதான் பெற்றெடுத்தார். மாநாடு, தீர்மானம், பத்திரிகை, பாடநூல் என அதன் கையில் இருந்த கருவிகள் அத்தனையும் எதிர்முகாமில் பார்த்துக் கற்றவை.

விளக்கடியில் கிடைத்த பட்டம்

அதற்கு முன்பு மலபார் ஆலிம்களுக்குச் சங்கம் என்ற ஒன்று தேவைப்பட்டதில்லை. பொன்னானி இருந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து மக்தூம்களின் பள்ளிவாசல் அங்கே பெரிய ஓதுமிடம். தூரதேசத்து மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிவாசலின் உட்புறத்தில் தொங்கும் பெரிய விளக்கைச் சுற்றி உட்கார்ந்து மக்தூமிடம் பாடம் கேட்பதுதான் உச்சநிலைக் கல்வி. ‘விளக்கத்திருத்தல்’ என்று அதற்குப் பெயர். விளக்கடியில் உட்கார்ந்தவர் முஸ்லியார் ஆனார். சான்றிதழ் கிடையாது, பதிவேடு கிடையாது. இன்னாரிடம் ஓதினார் என்ற பேச்சே சான்று.

ஊர்களிலும் ஏற்பாடு இதே மாதிரிதான். பள்ளிவாசல் மாடியில் மாணவர்கள் தங்குவார்கள். சாப்பாடு அக்கம்பக்கத்து வீடுகளில். எத்தனை ஆண்டு ஓத வேண்டும், எந்த நூலுக்குப் பிறகு எந்த நூல் என்பதெல்லாம் உஸ்தாதின் விருப்பம். சிறுபிள்ளைகளுக்கு ஓத்துப்பள்ளி: மரப்பலகையில் வெள்ளை மண்ணைப் பூசிக் காயவைத்து, அதில் அரபு எழுத்தை எழுதிக் காட்டுவார் மொல்லாக்கா. பாடம் மனப்பாடமானதும் பலகையைக் கழுவி மறுபடி மண் பூச வேண்டும்.

வீட்டில் பெண்களுக்கு மாலைப் பாட்டுகள் இருந்தன. கோழிக்கோடு காழி முஹம்மது 1607இல் அரபி மலையாளத்தில் பாடிய ‘முஹ்யித்தீன் மாலை’ அவற்றில் மூத்தது. பக்தாத் ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் புகழ் பாடுவது. நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போய்வந்த தமிழ் வீடுகளுக்கு இந்த உலகத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்திக்குப் பின் விளக்கேற்றி மாலை ஓதுவது ‘மாப்பிள்ளைகள்’ எனப்படும் மலபார் முஸ்லிம்களின் வீடுகளில் வழக்கம். அரபி மலையாள எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த பெண்கள் ஏராளம். அதே எழுத்தைக் கையால் எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கதை பின்னால் இந்த வேறுபாட்டில்தான் முட்டிக்கொள்ளப்போகிறது.

கெய்ரோவிலிருந்து வந்த தபால்

முதல் கல் விழுந்தது தெற்கே, திருவிதாங்கூரில். வக்கம் அப்துல் காதிர் மௌலவி (1873–1932) வசதியான வீட்டுப் பிள்ளை, பல மொழி கற்றவர். 1905இல் ‘சுதேசாபிமானி’ பத்திரிகையைத் தொடங்கினார். அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திவானைச் சாடி எழுதியதற்காக 1910 செப்டம்பரில் நாடுகடத்தப்பட்டதும், அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து விட்டதும் தமிழ் வாசகர்களும் அறிந்த செய்திதான். அச்சகத்தை அரசு பறிமுதல் செய்தது. அச்சகத்தின் உடைமையாளர் மௌலவி.

அரசியல் கதவு அடைபட்ட மௌலவி சமுதாயத்தின் பக்கம் முழுதாகத் திரும்பினார். கெய்ரோவில் ரஷீத் ரிளா நடத்திய ‘அல் மனார்’ இதழ் அவருக்குத் தபாலில் வந்துகொண்டிருந்தது. மார்க்கத்தின் மூலநூல்களுக்குத் திரும்பு, இடையில் படிந்த சடங்குகளைக் களை, நவீனக் கல்வியைக் கைக்கொள் என்று முஹம்மது அப்துஹு எகிப்தில் தொடங்கிய சிந்தனையைப் பரப்பிய இதழ் அது. மௌலவி ‘முஸ்லிம்’, ‘அல் இஸ்லாம்’ என்று இதழ்கள் நடத்தி அதே பேச்சைத் தம் மக்களிடம் கொண்டுபோனார். கைகண்ட வேலை ஒன்றையும் செய்தார். முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் அரபு ஆசிரியர் வேண்டும் என்று சமஸ்தானத்திடம் கேட்டு வாங்கினார். பள்ளியில் அரபும் உண்டு என்றதும் பெற்றோரின் தயக்கம் குறையத் தொடங்கியது.

வடக்கே இன்னொரு மனிதர்: சாலிலகத்து குஞ்ஞஹம்மது ஹாஜி. அவரும் வேலூரில் ஓதியவர். சாலியாற்றங்கரையில் வாழக்காடு என்ற ஊரின் தாருல் உலூம் பொறுப்பை ஏற்று, பள்ளிவாசல் பாடத்தை வகுப்புகளாகப் பிரித்தார். பெஞ்சு வந்தது, கரும்பலகை வந்தது, பாடத்திட்டம் வந்தது, தேர்வு வந்தது. நிர்வாகத்தோடு முரண்பட்டு அவர் வெளியேற நேர்ந்தாலும், அங்கே படித்த கே.எம். மௌலவி, ஈ.கே. மௌலவி, ஈ. மொய்து மௌலவி ஆகியோர் அந்த முறையைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். 1919இல் ஹாஜி மறைந்தார்.

வேலூர் ரயிலும் திரூர் வேகனும்

1921 ஆகஸ்டில் மலபார் கிளர்ச்சி வெடித்தது. அதன் மிகக் கொடிய பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் தமிழகத்துக்குள் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் திரூரிலிருந்து சுமார் நூறு கைதிகளைக் காற்றுப் புகாத சரக்கு வேகன் ஒன்றில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுமுட்டி இறந்திருந்தார்கள். மலபாரிலிருந்து வேலூருக்கு ஓதப் போகும் மாணவர்கள் ஷொரனூர், ஒலவக்கோடு, போத்தனூர், காட்பாடி என்று போன இருப்புப்பாதையும் அதுதான்.

கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு கிலாஃபத் இயக்கத்து மௌலவிகளுக்கு மலபாரில் இருப்புக்கொள்ளவில்லை. கே.எம். மௌலவியும் ஈ.கே. மௌலவியும் எல்லையைத் தாண்டிக் கொடுங்கல்லூருக்குப் போனார்கள். அது கொச்சி மன்னரின் நாடு. பிரிட்டிஷ் மலபார் போலீஸ் நினைத்தபடி கைவைக்க முடியாது. அடைக்கலம் தந்த எறியாடு பகுதிச் செல்வக் குடும்பங்களுக்குள்ளேயோ ஓயாத பகை. அந்தப் பகையைத் தீர்க்க ஒரு நடுநிலைச் சங்கம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த முதல் பெயரே ‘நிஷ்பக்ஷ சங்கம்’. குடும்பச் சண்டையைத் தீர்க்கக் கூடியவர்கள் சமுதாயத்தின் நோய்களையும் பேசத் தொடங்க, 1922இல் அது ‘கேரள முஸ்லிம் ஐக்கிய சங்கம்’ ஆனது. பின்னாளில் கேரளச் சட்டமன்ற அவைத்தலைவரான கே.எம். சீதி சாகிப், மணப்பாட்டு குஞ்ஞுமுஹம்மது ஹாஜி, ஹமதானி தங்கள் ஆகியோர் அதன் தூண்கள். 1923இல் நடந்த முதல் ஆண்டு மாநாட்டுக்கு வக்கம் மௌலவி தலைமை தாங்கினார். ‘முஸ்லிம் ஐக்கியம்’, ‘அல் இர்ஷாத்’ என்று இதழ்கள் வந்தன.

தோல்வியின் அடிவயிற்றிலிருந்து வந்த சங்கம் இது. ஆயுதம் எடுத்து ஆயிரக்கணக்கில் செத்தோம், சிறையில் கிடந்தோம், அந்தமானுக்குப் போனோம்; இனிப் பிழைக்க வழி என்ன என்ற கேள்விக்கு அது கண்ட விடை பள்ளிக்கூடம். நேர்ச்சைக்கும் கந்தூரிக்கும் செலவாகும் பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போகட்டும் என்றது. பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றது. இறந்தவர்களிடம் உதவி தேடுவது ஏகத்துவத்துக்கு முரண் என்றது. முதலிரண்டையும் ஊர்கள் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடும். மூன்றாவது நேராகத் தர்காவின் வாசலில் போய் விழுந்தது.

ஆலுவாவுக்குக் கோழிக்கோட்டின் பதில்

சங்கம் கொச்சிக்குள்ளும் திருவிதாங்கூருக்குள்ளும் பேசிக்கொண்டிருந்தவரை மலபார் முஸ்லியார்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1924இல் ஆலுவாவில் ஆலிம்களின் பெயரிலேயே ஓர் அமைப்பு வந்ததும் நிலைமை மாறியது. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதே இப்போது கேள்வி. அடுத்த ஆண்டு சங்கம் தன் மாநாட்டைக் கோழிக்கோட்டிலேயே வைத்தது. அந்த 1925இலேயே மரபுவழி ஆலிம்கள் கோழிக்கோட்டில் கூடி ஒரு முன்னோடிக் குழுவை அமைத்தார்கள். 1926 டவுன்ஹால் கூட்டத்தில் வரக்கல் முல்லக்கோயா தங்கள் தலைவரானார். நபி குடும்பத்து வழிவந்தவர் என்ற மதிப்பும், கற்றவர், நிதானமானவர் என்ற பெயரும் உடையவர். அவருக்குப் பக்கத்தில் ஊர் ஊராகச் சென்று மேடையேறிய பாங்கில் அஹ்மது குட்டி முஸ்லியார். 1932இல் முல்லக்கோயா தங்கள் மறைந்த பிறகு அவரே தலைமைக்கு வந்தார்.

டவுன்ஹாலைத் தேர்ந்ததே கவனிக்கத்தக்கது. ஆலிம்கள் கூடும் இடம் பள்ளிவாசல் என்பதுதான் நூற்றாண்டு வழக்கம். நகரமன்ற மண்டபத்தில் நாற்காலி போட்டுத் தலைவர், துணைத்தலைவர், செயலாளர் என்று பதவிகள் வகுத்து, தீர்மானம் வாசித்து நிறைவேற்றுவது அரசியல் கட்சிகளும் சீர்திருத்தச் சங்கங்களும் செய்யும் காரியம். பழைமையைக் காக்க வந்தவர்கள் முதல் நாளிலேயே புதுமையின் மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். 1929இல் அரபி மலையாளத்தில் ‘அல் பயான்’ என்று பத்திரிகையும் வந்தது.

இதற்கிடையே ஐக்கிய சங்கம் தன் காலிலேயே கோடாரி போட்டுக்கொண்டது. முஸ்லிம்களுக்கு ஒரு வங்கி வேண்டும் என்று முயன்று, அதற்கு மார்க்கச் சட்டத்தில் இடம் உண்டு என்று வாதாடியபோது, வட்டியை வளைத்து ஹலாலாக்குகிறார்கள் என்று எதிரிகள் மட்டுமல்ல, சொந்தக் கூட்டத்தாரே கொதித்தார்கள். சங்கம் 1934இல் கலைந்து மற்றோர் அமைப்போடு இணைந்தது. அதே 1934 நவம்பரில்தான் சமஸ்தா முறைப்படி அரசிடம் பதிவானது. பெற்றவர் விடைபெற்ற ஆண்டில் பிள்ளைக்குப் பிறப்புச் சான்று கிடைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

மண்ணார்க்காட்டுத் தீர்மானம்

சமஸ்தாவின் தொடக்ககால மாநாடுகளில் இன்றும் அதிகமாகப் பேசப்படுவது 1930இல் மண்ணார்க்காட்டில் நடந்தது. இன்று அது பாலக்காடு மாவட்டம். அன்று மலபாரின் வள்ளுவநாட்டுத் தாலுகா. பெண்களுக்குக் கையெழுத்துப் பயிற்சி தருவதற்கு எதிராக அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறியது. குர்ஆன் ஓதலாம், மாலைப் பாட்டு வாசிக்கலாம், மார்க்க அறிவு பெறலாம். எழுத மட்டும் கற்பிக்கக் கூடாது.

இன்றைக்குக் கேட்டால் வியப்பாக இருக்கும் இந்தப் பிரிப்பு அன்றைய ஆலிம்களுக்குப் புதிதில்லை. பழைய சட்டநூல்களில் அதற்கு ஆதரவான கருத்தும் எதிரான கருத்தும் உண்டு. வாசிப்பது உள்ளே வரும் வழி, எழுதுவது வெளியே போகும் வழி என்பது அதன் அடிப்படை. பெண்ணின் கையில் பேனா வந்தால் அது யாருக்குக் கடிதம் எழுதும் என்ற பயம் அன்றைய இந்தியாவில் எல்லாச் சாதி, சமய வீடுகளிலும் இருந்தது. அதைத் தீர்மானமாக்கிப் பதிவில் ஏற்றியதுதான் புதுசு. சீர்திருத்தக்காரர்கள் பெண்கல்வி பேசாதிருந்தால் இப்படி ஒரு தீர்மானத்துக்கு அவசியமே நேர்ந்திருக்காது. எழுதப்படாத வழக்கமாக இருந்தவரை அதற்கு ஆங்காங்கே விலக்கும் இருந்தது. எழுதி வைத்ததும் இறுகிவிட்டது. கூடவே, எதிராளி சுட்டிக்காட்டி அடிக்க ஓர் இலக்கும் ஆனது. முஜாஹித் மேடைகளில் மண்ணார்க்காட்டின் பெயர் அடிபடாத ஆண்டில்லை.

எட்டே ஆண்டில் பேனா பதில் சொன்னது. திருவிதாங்கூரின் அடூரில் பிறந்த ஹலீமா பீவி 1938இல் ‘முஸ்லிம் வனிதா’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயது. கணவர் வக்கம் மௌலவியின் மாணவர். திருவல்லாவில் முஸ்லிம் பெண்களைக் கூட்டி மாநாடும் நடத்தினார். அதே 1938இல் தமிழ்நாட்டில் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா?’ நாவல், உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளிவந்தது. நாகூர் என்றால் தர்கா, மரபின் தலைநகரம். அங்கிருந்தே ஒரு முஸ்லிம் பெண் நாவலாசிரியர் வந்தார். எழுத்தைத் தடுத்தது தர்கா வழக்கம் அல்ல, வேறு ஏதோ ஒன்று என்று இதிலிருந்து தெரிகிறது.

1933இல் பரோக்கில் கூடிய மாநாடு சமஸ்தாவின் எல்லைக்கோட்டை வரைந்தது. நல்லடியார்களை முன்னிறுத்திப் பிரார்த்திப்பது, ஸியாரத், மௌலூது, இறந்தவருக்காக ஓதுவது போன்றவை சுன்னி வழி என்றும், இவற்றை மறுப்பவர்கள் அந்த வழிக்கு வெளியே என்றும் தீர்மானம் போட்டது. ஊர்ப் பள்ளிவாசலில் யார் இமாமாக நிற்கலாம் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் உரைகல் ஆனது. அதே பரோக்கில், பதினைந்து ஆண்டு கழித்து, 1948இல், எகிப்தின் அஸ்ஹரில் படித்த அபுஸ்ஸபாஹ் மௌலவியின் முயற்சியால் பரோக் கல்லூரி எழுந்தது. மலபார் முஸ்லிம்கள் பட்டப்படிப்புக்குள் நுழைந்த பெரிய வாசல் அது.

தேர்வுத்தாள்

போட்டியின் மிகப் பெரிய விளைவு மேடையில் நிகழவில்லை, வகுப்பறையில் நிகழ்ந்தது. 1950இல் சீர்திருத்த முகாம் ‘கேரள நத்வத்துல் முஜாஹிதீன்’ என்று மறுபிறவி எடுத்தது. முதல் தலைவர் கே.எம். மௌலவி. அதே ஆண்டு அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளிக்குள் மதபோதனைக்கு இடமில்லை என்றது. மார்க்கக் கல்வி இனி ஓத்துப்பள்ளியை மட்டும் நம்ப முடியாது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் பிள்ளைகள் முஜாஹித் மதரஸாவுக்குப் போய்விடுவார்கள். 1951இல் வடகரை மாநாட்டில் எடுத்த முடிவின்படி சமஸ்தா ஒரு மார்க்கக் கல்வி வாரியத்தை அமைத்தது. பறவண்ண மொய்தீன் குட்டி முஸ்லியார் முன்னின்றார். அரசியலிலும் வணிகத்திலும் செல்வாக்குள்ள பாஃபக்கி தங்கள் துணைநின்றார்.

ஒரே பாடநூல், ஒரே பாடத்திட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியர், சுற்றிவந்து பார்க்கும் ஆய்வாளர், பொதுத் தேர்வு. சாலிலகத்து ஹாஜி வாழக்காட்டில் செய்து பார்த்து, பாதியில் விட்டுப்போக நேர்ந்த அதே ஏற்பாடு! இன்று சமஸ்தாவின் அங்கீகாரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்கள் நடக்கின்றன. காலை ஏழு மணி வாக்கில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பு, கேரளத்து ஊர்களில் வெள்ளைத் தொப்பியும் முக்காடுமாகப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நடந்து போவதைப் பார்க்கலாம். ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் பொதுத்தேர்வு. பெண்பிள்ளைகளும் உட்கார்ந்து பேனாவால் விடைத்தாள் எழுதுகிறார்கள். தரவரிசையில் முந்தவும் செய்கிறார்கள். மண்ணார்க்காட்டுத் தீர்மானத்தை ரத்து செய்ததாக யாரும் முரசறைந்து சொல்லவில்லை. தேர்வுத்தாள் அதை ரத்து செய்துவிட்டது.

1963இல் பெரிந்தல்மண்ணைக்குப் பக்கத்தில் பட்டிக்காட்டில் ஜாமியா நூரிய்யா அரபிக் கல்லூரி வந்தது. வேலூரில் ஓதினால் ‘பாகவி’. பட்டிக்காட்டில் ஓதினால் ‘பைஸி’. மேற்படிப்புக்குப் பாலக்காடு தாண்டித் தமிழ்நாடு போயே தீர வேண்டும் என்ற நிலை அதோடு மாறியது.

யார் மிதவாதி?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முஜாஹிதை மிதவாதம் என்றும் சமஸ்தாவைப் பழைமைவாதம் என்றும் எளிதாகப் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே போனால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வெள்ளிக்கிழமைக் குத்பாவை மக்கள் மொழியில் சொல்வது, பெண்கள் பள்ளிவாசலில் தொழுவது இரண்டிலும் முஜாஹித் தாராளம், சமஸ்தா கண்டிப்பு. தர்காவும் நேர்ச்சையும் பாட்டும் என்றால் சமஸ்தா தாராளம், முஜாஹித் கண்டிப்பு. மம்புறம் மகாம் என்ற தர்காவுக்கு இந்துக்களும் வருகிறார்கள். ஊரோடு சேர்ந்து வாழும் இந்த வழக்கத்தைக் காத்தவர் பழைமைவாதி எனப்பட்டவர். மூலநூலுக்குத் திரும்பு என்ற முழக்கம் ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்கும் இன்னொருவரை மேலும் இறுக்கமான கொள்கைக்கும் கூட்டிச் சென்றது.

முகாம்களின் பிற்காலப் பிளவுகள் இதற்குச் சாட்சி. 1960களில் சமஸ்தாவிலிருந்து ஒரு பிரிவு ஒலிபெருக்கியை முன்னிட்டு விலகியது. வழிபாட்டில் அது கூடாது என்பது அவர்கள் கட்சி. 1985 ஷாபானு தீர்ப்புக்குப் பின் ஷரீஅத்தைக் காக்க முஜாஹித்களோடு ஒரே மேடையில் நிற்கலாமா, முஸ்லிம் லீகோடு எவ்வளவு நெருங்கலாம் என்ற பூசல்கள் முற்றி, 1989இல் சமஸ்தா இரண்டானது. காந்தபுரம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியாரைப் பின்பற்றியவர்கள் ‘ஏ.பி. சுன்னி’, ஈ.கே. அபூபக்கர் முஸ்லியாரோடு நின்றவர்கள் ‘ஈ.கே. சுன்னி’. பல ஊர்களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளிவாசல்கள் வந்தன. முஜாஹித் முகாமும் 2002இல் உடைந்தது. சமூகச் சீர்திருத்தம் முதன்மையா, கொள்கைத் தூய்மை முதன்மையா என்பது சண்டையின் சாரம். பத்தாண்டு கழித்து மற்றொரு பிளவுக்கு வழிவகுத்தது ஜின் பற்றிய விவாதம். பேயோட்டுவதைக் கேலிசெய்து புறப்பட்ட இயக்கத்துக்கு இப்படி ஒரு திருப்பம்! 2016இல் 2002ஆம் ஆண்டுப் பிரிவினர் பெருமளவுக்கு மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள்.

எல்லையோரத் தமிழர்களுக்கு இந்தச் சண்டை இன்னொரு விதமாக வந்து சேர்ந்தது. பாலக்காட்டின் புதுநகரம் போன்ற ஊர்களிலும், இடுக்கியின் தொடுபுழை வட்டாரத்திலும், மூணாறு, பள்ளிவாசல் என்னும் ஊர்களின் பக்கத்து மலைகளிலும் வாழும் ராவுத்தர்களிலும் மற்றத் தமிழ் முஸ்லிம்களிலும் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹப் என்ற சட்டவழியைச் சேர்ந்தவர்கள். சமஸ்தாவின் நூல்களும் தீர்ப்புகளும் ஷாஃபி மத்ஹபின்படி அமைந்தவை. பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக்கு 1955இல் தோன்றிய தட்சிண கேரள ஜம்இய்யத்துல் உலமா வேறு இருக்கிறது. ஆக, மேற்கே ஒரு சபை, தெற்கே ஒரு சபை, கிழக்கே தமிழ்நாட்டு உலமா சபை. இந்த மூன்றுக்கும் நடுவில் அவர்கள் வாழ்கிறார்கள். குத்பா மொழிச் சண்டைக்குத் தமிழ்நாட்டுச் சுன்னத் ஜமாஅத் பள்ளிகள் கண்ட வழி எளியது: அரபுக் குத்பா அப்படியே இருக்கட்டும்; அதற்கு முன்னால் அரை மணி நேரம் தமிழில் பயான். மரபும் நின்றது, மக்களுக்கும் புரிந்தது. சண்டைக்கு இடமே இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் அடிதடிக்கு முன்பே ஒரு வழி கிடைத்தது.

இன்றைய முகாம் எங்கே?

2022 மே மாதம் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மதரஸா விழா. பரிசு வாங்கப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் மேடையேறினார். பெண்பிள்ளையை மேடைக்கு ஏன் அழைத்தீர்கள் என்று சமஸ்தாவின் மூத்த தலைவர் ஒருவர் அமைப்பாளர்களைக் கடிந்துகொண்டார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவி, ஆளுநர் வரை கண்டனம் வந்தது. 1930இன் குரல் அப்படியே ஒலிக்கிறதே என்று பலர் எழுதினார்கள். முழுக்க அப்படி அல்ல. அன்று எழுத்தே கூடாது என்றார்கள்; இன்று எழுதி வென்ற பெண் எங்கே நின்று பரிசு வாங்குவது என்பதில் சண்டை. சண்டையின் இடம் வகுப்பறையிலிருந்து மேடைக்கு நகர்ந்திருக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில், பெண்களுக்கு ‘வஃபிய்யா’ என்ற பெயரில் மார்க்கக் கல்வியோடு பட்டப்படிப்பையும் சேர்த்து நடத்திய கல்லூரிக் கூட்டமைப்பின் தலைமையில் இருந்த ஹக்கீம் பைஸியைச் சமஸ்தா நீக்கியது. மோதலின் காரணங்களில் ஒன்று, படிப்பு முடியும்வரை மாணவி திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற நிபந்தனை. நீக்கியவரும் சுன்னி, நீக்கப்பட்டவரும் சுன்னி. பட்டப்பெயரே சொல்வதுபோல் சமஸ்தாவின் பட்டிக்காட்டில் ஓதியவர். முஜாஹித் இங்கே பக்கத்தில்கூட இல்லை. 2025இல் கேரள அரசு உயர்நிலைப் பள்ளி நேரத்தை அரை மணி கூட்டியபோது, காலை மதரஸா பாதிக்கும் என்று எதிர்த்ததும் சமஸ்தாதான். அரசுப் பள்ளியைத் தூர வைத்த காலம் போய், அதன் மணியோசையோடு தன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்ட காலம் இது.

நூறாண்டுப் போட்டியில் ஐக்கிய சங்கத்துக்கு இன்று அலுவலகமோ உறுப்பினரோ இல்லை. சமஸ்தாவுக்குக் கேரளத்தின் மிகப் பெரிய முஸ்லிம் மக்கள்திரள். இதை வைத்துப் பழைமை வென்றது என்று முடிவுகட்டினால், மதரஸா வகுப்பறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். கரும்பலகை, பெஞ்சு, அச்சிட்ட பாடநூல், தேர்வு அட்டவணை எல்லாம் எதிராளியின் சரக்கு. மறுபக்கம், சீர்திருத்தம் வென்றது என்றால், மம்புறத்தில் இன்றும் கூடும் கூட்டத்துக்கு விடை சொல்ல வேண்டும். இரு தரப்பும் ஒன்றையொன்று மேடையில் வெட்டிப் பேசியபடியே வகுப்பறையில் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்டன. அதனால் மார்க்கச் சண்டையில் யார் மிதவாதி, யார் பழைமைவாதி என்று தீர்ப்பெழுதும் முன்பு, எந்தத் தரப்பு எதிர்த்தரப்பிடமிருந்து எதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது என்று பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அடுத்த தலைமுறை பெறப்போவது அதைத்தான்.